ஆய்வுக் குறிப்பேடும் எளிய உரைக்கோப்பும்

தமிழாராய்ச்சியின் வரலாற்றை எழுதப் புகுவார் பதிப்புக்களையும் பதிப்பாசிரியர்களையும் பற்றிப் பெரிதும் எழுதுவர். அப்பதிப்புக்கள் உருப்பெறுதற்கு முன்னர் அறிஞர்தம் மேசைமீது கிடந்த துண்டுத்தாள்களைப் பற்றி எழுதுவார் மிகச் சிலரே. நூல் அச்சேறிய பின் அத்தாள்கள் பரணுக்கோ பழந்தாள் வணிகரிடமோ சென்றுவிடுகின்றன. ஆயினும், ஒரு சொல் இன்ன நூலில் உண்டு, இன்ன நூலில் இல்லை என்று நாம் துணிந்து கூறுவதெல்லாம் அத்துண்டுத்தாள்களை நம்பியே கூறுவதாகும். அவற்றின் இடத்தை இன்று கணிப்பொறிக் கோப்புக்கள் பெற்றுவிட்டன. இம்மாற்றத்தால் தமிழிற் குறிப்பெடுப்பார்க்கு நேர்ந்த இடர்கள் யாவை, அவை எவ்வாறு தோன்றின, அவற்றைக் களைதற்கு ஆய்வாளர் தம் கருவியை எவ்வாறு திருத்திக்கொள்ளலாம் என்பவற்றை வரலாற்று முறையில் நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்ஸிகனை முதற்கண் நினைத்தல் வேண்டும். 1913-ஆம் ஆண்டில் சாண்ட்லர் பாதிரியார் தலைமையில் மதுரையில் தொடங்கிய அப்பணி 1915-இல் சென்னைக்கு மாறியது. 1926 முதல் பேராசிரியர் ச. வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியராய் இருந்து நடத்த, 1936-இல் ஆறு தொகுதிகளும் முற்றுப்பெற்றன. பின்னர் வந்த இணைப்பையும் சேர்த்தெண்ணின் 1,17,762 சொற்கள் அதன்கண் உள்ளன. இத்துணைச் சொற்களுக்கும் பொருளும் ஆட்சியும் காட்டுதல் ஒருவர் நினைவாற்றலால் இயல்வதன்று. சொல் ஒன்று, அதன் பொருள் ஒன்று, அதற்கு மேற்கோள் ஒன்று எனத் தனித்தனியே பிரித்தெடுத்து, வேண்டியபோது இடமாற்றி அடுக்கத்தக்க குறிப்புக்கள் இன்றியமையாதன. வ. அய். சுப்பிரமணியம் 1962-இல் வெளியிட்ட புறநானூற்றுச் சொல்லடைவும், ந. சுப்பிரமணியன் 1966-இல் வெளியிட்ட பல்லவர்க்கு முற்பட்ட தமிழ் நூல்களின் அடைவும், புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் 1967-க்கும் 1970-க்கும் இடையே மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ்ச் சொல்லடைவும் இவ்வகையிற் பிறந்தவையே. 1992-இல் தாமஸ் லேமனும் தாமஸ் மால்ட்டனும் வெளியிட்ட சங்கச் சொல்லடைவு கணிப்பொறியின் துணைகொண்டு அமைந்தது. முப்பதாண்டுகட்குள் கைச்சீட்டினின்று கணிப்பொறிக்கு வந்துவிட்டோம் என்பது இதனாற் புலனாகும்.

மேனாட்டிலும் இந்நிலையே. சூரிச்சு நகரத்துக் கொன்ராட் கெஸ்னர் 1548-இல், குறிப்புக்களைத் தாளின் ஒரு பக்கத்தே எழுதித் துண்டுகளாக நறுக்கி அடுக்கும் முறையை விளக்கினார். செருமனியின் சமூகவியலறிஞர் நிக்லாஸ் லூமன் ஏறத்தாழ 90,000 சீட்டுக்களைப் பெட்டிகளில் அடுக்கி, ஒவ்வொன்றற்கும் எண்ணிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றற்கு வழிகாட்டி வைத்தார். இன்று பலரும் விரும்பும் கணிப்பொறிக் குறிப்பேடுகளுட் பல லூமனின் பெட்டியையே முன்மாதிரியாகக் கூறிக்கொள்கின்றன.

யான் இதனை எழுதுவது சென்னைப் பெருங்குடியிலிருந்து. வடக்கே தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் உள்ளன. தெற்கே பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் புதிய கட்டடம் 2022 சனவரியில் திறக்கப்பெற்றது. கடலோரமாகச் சென்றால் பெசன்ட் நகரில் உ. வே. சாமிநாதையர் நூலகம். இவற்றுக்கு நடுவே, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடுத்த பெருங்குடியில், மென்பொருள் எழுதுவோர் பல்லாயிரவர் நாள்தோறும் வந்து செல்கின்றனர். ஏடு படிப்பாரும் மென்பொருள் எழுதுவாரும் ஒரே பேருந்தில் ஏறி இறங்குகின்றனர். ஆனால் ஒருவர் தொழிலின் இடர் மற்றவர்க்குத் தெரிவதில்லை.

இவ்வூர்ப் பெயரையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ‘பெருங்குடி’ என்பதில் இலக்கண நூலார் கணக்கின்படி எழுத்து ஐந்து: பெ, ரு, ங், கு, டி. கணிப்பொறியின் ஒருங்குறி முறையில் இதே சொல் பத்துக் குறியெண்களாகக் கிடக்கின்றது. பகரம் ஒன்று, ஒற்றைக்கொம்பு ஒன்று, ரகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று, ஙகரம் ஒன்று, புள்ளி ஒன்று என இவ்வாறு எண்ணிச் செல்க. கோப்பில் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு இடம் கொள்ளுதலின் முப்பது பைட்டுக்கள் ஆகின்றன. ஐந்து, பத்து, முப்பது என்னும் இம்மூன்று எண்களுக்குள்ள வேறுபாட்டிலேயே நாம் பின்னர்க் காணும் இடர்களுட் பெரும்பாலன அடங்கும்.

எளிய உரைக்கோப்பு என்பது எழுத்துக்களின் குறியெண்கள் மட்டுமே வரிசையாகக் கிடக்கும் கோப்பு. எழுத்துருவின் பெயர், பருமன், நிறம் முதலிய அலங்காரங்கள் அதன்கண் இல்லை. இதனால் விளையும் நன்மை பெரிது. ஒரு நிறுவனத்தின் மென்பொருள் வழக்கொழிந்தாலும் எளிய உரைக்கோப்பை வேறொரு கருவி திறந்து காட்டும். மற்றொரு நன்மையும் உண்டு. 1978-இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதற்கு முன்னர் அச்சிட்ட நூல்களில் ணை, னை, லை முதலியன துதிக்கை போன்ற பழைய வடிவில் இருந்தன. ஒருங்குறிக் கோப்பில் பழைய வடிவத்திற்கும் புதிய வடிவத்திற்கும் குறியெண்கள் ஒன்றே. காட்டும் எழுத்துருவே வேறு. ஆகவே தேடுவார்க்குத் தொல்லையில்லை. ஆனால் பழம்பதிப்பின் எழுத்து வடிவத்தையே ஆராய்வார்க்கு இது குறையாகும். அவர் அவ்வடிவம் இன்னதென்று தனிக் குறிப்பாக எழுதிவைத்தல் வேண்டும்.

இத்தகைய கோப்புக்களை எழுதவும் திருத்தவும் அமைந்த கருவிகளே உரைத்தொகுப்பிகள். அவற்றுள் ஈமாக்ஸ் என்பது தொன்மையானது. 1976-இல் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய இதனை, ரிச்சர்டு ஸ்டால்மன் புதிதாக எழுதிக் குனு ஈமாக்ஸ் என்னும் பெயரால் 1985-இல் வெளியிட்டார். இதன் தனிச்சிறப்பு, பயன்படுத்துவோரே இதன் உட்செயல்களை மாற்றிக்கொள்ளலாம் என்பது. அதற்கு லிஸ்ப் என்னும் நிரல்மொழி உள்ளமைந்து கிடக்கின்றது. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் பணிபுரிந்த வானியலறிஞர் கார்ஸ்டன் டொமினிக் தம் குறிப்புக்களை ஒழுங்கு செய்தற்பொருட்டு 2003-இல் ஈமாக்ஸினுள் ஆர்க் என்னும் குறிப்பெடுப்பு முறையை அமைத்தார். 2007-இல் வந்த ஈமாக்ஸ் 22-ஆம் பதிப்பிலிருந்து அது உடன்சேர்ந்து வருகின்றது. தன் தொழிலுக்கு வேண்டிய கருவியை ஓர் ஆய்வாளரே செய்துகொண்டார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. தலைப்புக்கு வரித்தொடக்கத்தில் உடுக்குறி, உட்தலைப்புக்கு இரண்டு உடுக்குறி, பொருட்குறிச் சொற்களுக்கு இருபுறமும் முக்காற்புள்ளி: இவ்வளவே அதன் அடிப்படை இலக்கணம்.

ஆர்க் முறை தோன்றிய காலத்தில் தமிழ்க் குறியேற்றத்தின் நிலை யாது? இதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். எம்மனோர் பழைய கோப்புக்கள் இன்று படிக்கவொண்ணாது கிடப்பதற்குக் காரணம் இங்கேதான் உள்ளது.

எட்டுப்பிட் குறியேற்றத்தில் 256 இடங்களே உண்டு. முற்பாதியாகிய 128 இடங்களில் உரோமன் எழுத்தும் எண்ணும் இருந்தாக வேண்டும். எஞ்சிய 128-இல் தமிழின் 247 எழுத்துக்களையும் அடைத்தல் இயலாது. ஆதலின் கால், கொம்பு, இணைக்கொம்பு முதலிய உறுப்புக்களைப் பிரித்து அடுக்கினர். எந்த உறுப்பை எந்த இடத்தில் வைப்பது என்பதில் எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நெறி கொண்டனர். சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைத் தந்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். 1990-களின் பிற்பகுதியில் உலகெங்குமுள்ள தமிழார்வலர் மின்னஞ்சல் வழியே கலந்து பேசித் திஸ்கி என்னும் பொதுக் குறியேற்றத்தை வகுத்தனர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை அம்முறையிலும் வழங்கிற்று. 1999 பிப்பிரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் வழி டாம், டாப் என்னும் வேறிரு குறியேற்றங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் தமிழ்நாட்டரசின் ஏற்பைப் பெற்றன. பொதுமையை நாடி எழுந்த முயற்சிகளே ஒன்றுக்கு மூன்றாயின.

ஒருங்குறியோ 1991-லேயே தமிழுக்கு இடம் கொடுத்திருந்தது. இந்திய அரசின் இஸ்கி முறையைப் பின்பற்றியது அது. தேவநாகரி முதலிய எழுத்துக்களோடு ஒத்த அடுக்கிலே தமிழையும் வைத்தது. அதன் பயன்பாடு பெருகியது விண்டோஸ் 2000 போன்ற இயங்குதளங்கள் தமிழை ஏற்ற பின்னரே. 2010-ஆம் ஆண்டு சூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழ்நாட்டரசு ஒருங்குறியைத் தன் தரமாக அறிவித்தது. ஒருங்குறி பயன்படாவிடத்து டேஸ்-16 என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தைக் கொள்க என்றது. டேஸ்-16 ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறியெண் தருதலின் இலக்கண நூலார் கணக்கோடு இயைந்தது. ஆயினும் தனியார் பயன்பாட்டுக்கென விட்ட இடத்தில் அமைந்தமையால் பிற நாட்டார் கருவிகள் அதனை அறியா. ஆய்வாளர் தம் குறிப்பை ஒருங்குறியிலேயே வைத்தல் தக்கதென்பது என் கருத்து.

ஈமாக்ஸும் இம்மாற்றங்களோடு மாறியது. சப்பானிய ஆய்வகத்தார் இயற்றிய பன்மொழிப் பகுதி 1997-இல் 20-ஆம் பதிப்பிற் சேர்ந்தது. 2009-இல் வந்த 23-ஆம் பதிப்பு எழுத்துக்களை உள்ளே ஒருங்குறி அடிப்படையிலேயே கையாளத் தொடங்கியது. 2020-இல் வந்த 27-ஆம் பதிப்பு எழுத்துக்களைச் சேர்த்து வரைதற்கு ஹார்ஃப்பஸ் என்னும் பொறியை ஏற்றது. பழைய பதிப்பில் கொம்பு பிரிந்து நிற்கக் கண்டு அதனைக் கைவிட்டவர் இன்று மீண்டும் முயன்று பார்க்கலாம்.

இனி என் குறிப்புக்களில் நேர்ந்ததொன்றைக் கூறுவேன். சங்க நூல்களில் வரும் துறைமுகப் பெயர்களைப் பற்றிய குறிப்புக்கள் என்னிடம் இருந்தன. ஒருநாள் ‘கொற்கை’ என்று தேடினேன். அகநானூற்றுக் குறிப்புக்கள் வந்தன. ஐங்குறுநூற்றுக் குறிப்பு ஒன்றேனும் வரவில்லை. ஐங்குறுநூற்று நெய்தலிற் கொற்கை வருதலைத் தமிழ் முதுகலை மாணவர் யாவரும் அறிவர். எனவே பிழை என் நினைவிலன்று, கருவியில் என்று தெளிந்தேன். அச்சொல் அத்துணைப் புகழ்பெற்றதாய் இல்லாதிருப்பின் நேர்ந்திருக்கக்கூடியதை எண்ணியபோதுதான் அச்சம் உண்டாயிற்று. யாரும் அறியாத ஓர் அருஞ்சொல்லாக அஃது இருந்திருப்பின், ‘ஐங்குறுநூற்றில் இச்சொல் ஆட்சி இல்லை’ என்று எழுதி அச்சிட்டிருப்பேன். அதனைப் பின்வருவோர் மேற்கோளாகவும் காட்டியிருப்பர்.

காரணத்தைத் தேடியபோது ஈமாக்ஸில் உள்ள ஒரு கட்டளை உதவிற்று. ஐயமுள்ள எழுத்தின்மேற் சுட்டியை நிறுத்தி, கண்ட்ரோல்-யு, கண்ட்ரோல்-எக்ஸ், சமக்குறி என்னும் விசைகளை முறையே அழுத்தினால் அவ்விடத்துள்ள குறியெண்களை அது விரித்துக் காட்டும். அகநானூற்றுக் குறிப்பில் ‘கொ’ என்பது ககரமும் ஒகரக் குறி ஒன்றுமாக இரண்டு குறியெண்ணாய் இருந்தது. ஐங்குறுநூற்றுக் குறிப்பிலோ ககரம், எகரக் கொம்பு, கால் என மூன்றாய் இருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குறியெண்ணை மட்டும் ஒப்பிடும் தேடலுக்கு அவை வேறு வேறு சொற்கள். முன்னையது அண்மையில் விசைப்பலகையில் தட்டெழுதியது. பின்னையது பழைய எட்டுப்பிட் கோப்பிலிருந்து மாற்றிக்கொண்டது. பழைய முறையில் கொம்பு முன்னும் காலும் பின்னுமாக, கண்ணாற் காணும் வரிசையிலேயே உறுப்புக்கள் கிடந்தன. மாற்றிய மென்பொருள் கொம்பைப் பின்னே தள்ளிற்றேயன்றி, கொம்பையும் காலையும் ஒன்றாக்கவில்லை.

இவ்விரு வடிவங்களும் ஒன்றற்கொன்று நிகர் என்பதை ஒருங்குறியே வகுத்துள்ளது. பிரிந்தவற்றை ஒன்றாக்கும் வினையை இயல்பாக்கம் என்பர். ஈமாக்ஸில் அதற்கென ஒரு கட்டளை உண்டு. கோப்பைச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் அக்கட்டளை தானே நிகழுமாறு அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டால் இவ்விடர் தீரும். நானும் அங்ஙனமே செய்தேன். மீண்டும் தேடியபோது ஐங்குறுநூற்றுக் கொற்கை வந்தது.

ஆனால் எல்லாப் பிழையும் இயல்பாக்கத்தால் தீர்வதன்று. ‘கௌவை’ என்பதனைச் சிலர் ககரத்தின்மேல் எகரக் கொம்பிட்டு அடுத்து ளகரத்தை எழுதித் தட்டெழுதிவிடுவர். கண்ணுக்கு அஃது ஔகாரமாகவே தோன்றும். ஒருங்குறிக்கோ அது ‘கெ’ என்பதும் ‘ள’ என்பதும் அடுத்து நின்றதேயாம். ஒன்றாக்குமாறு அதற்கு விதியில்லை. ‘கெள’ என வருமிடமெல்லாம் ஔகாரமாக மாற்றுக என்று கட்டளையிட்டால் ‘கெளிறு’ என்னும் மீனின் பெயர் சிதைந்து போகும். இங்கே மென்பொருள் எழுதுவோர் அறியாத ஒன்று நமக்குத் தெரியும். ளகரத்தின்மேல் இகரம், உகரம் முதலிய குறியோ புள்ளியோ ஏறி நிற்பின் அது மெய்யாகவே ளகரம். எகரமேறிய மெய்யை அடுத்து அகரமேறிய ளகரம் வருதல் தமிழ்ச் சொற்களில் மிக அரிது; ஆதலின் குறியேதும் இன்றி நிற்பது பெரும்பாலும் ஔகாரத்தின் பிழை வடிவமே. இவ்விதியைத் தேடற்கோவையாக எழுதி, ஒவ்வோரிடத்தும் நிறுத்தி வினவி மாற்றுமாறு செய்தல் வேண்டும். ஒருங்கே மாற்றுதல் ஆகாது. ககரத்திற்கும் ஒன்று என்னும் தமிழ் எண்ணிற்கும், எகரத்திற்கும் ஏழு என்னும் எண்ணிற்கும் உள்ள மயக்கம் கல்வெட்டுக் குறிப்புக்களில் இத்தகையதே. ஸ்ரீ என்பதனையும் ஸகரத்தால் ஒரு முறையும், 2005-இல் ஒருங்குறியிற் சேர்ந்த ஶகரத்தால் மற்றொரு முறையுமாக இருவகையில் எழுதலாம். இரண்டும் கண்ணுக்கு ஒன்றே.

ஏட்டுச்சுவடிகளோடு பழகியவர்க்கு இவையெல்லாம் புதியன அல்ல. சுவடிகளில் மெய்க்குப் புள்ளி இடார். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றிக் கிடக்கும். காலும் ரகரமும் ஒன்றேபோல் தோன்றும். தொல்காப்பியர் மெய்க்கும் குறிலாகிய எகர ஒகரங்கட்கும் புள்ளி விதித்தும், எழுத்தாணி பிடித்தோர் ஓலை கிழியுமென அஞ்சியோ வழக்கம் பற்றியோ அதனை விடுத்தனர். சீவகசிந்தாமணியை 1887-இலும் புறநானூற்றை 1894-இலும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்றோர் ஒரு வடிவத்தைக் கண்டு இஃது எவ்வெழுத்து என்று துணிந்தது பொருளும் யாப்பும் இலக்கணமும் கொண்டே. ஏட்டில் ஒரு வடிவம் பல எழுத்துக்களைக் குறித்தது; கோப்பில் பல குறிக்கோவைகள் ஒரு வடிவத்தைக் காட்டுகின்றன. மயக்கம் தலைகீழாயிற்று, தீர்க்கும் அறிவு பழையதே.

அடுத்தது அகரவரிசை. ஒருங்குறியின் அடுக்கு நம் நெடுங்கணக்கன்று. அதன்கண் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் லகரத்தை அடுத்தும் நிற்கின்றன. ஜகரம் சகரத்திற்கும் ஞகரத்திற்கும் இடையே புகுந்துள்ளது. தேவநாகரி அடுக்கிலே தமிழைப் பொருத்தியதன் விளைவு இது. மலை, மறம், மன்னன் என்னும் மூன்று சொற்களை எந்த அகராதியும் இவ்வரிசையிலேயே வைக்கும். ஈமாக்ஸின் வரிவரிசைக் கட்டளை குறியெண் பற்றி அடுக்குதலின் மன்னன், மறம், மலை என்று வைக்கின்றது. முதலும் முடிவும் மாறிவிட்டன. சொல்லடைவு செய்வார் இதனைக் கவனியாது அச்சுக்கு அனுப்பின் நகைப்புக்கிடமாகும்.

இதற்குத் தீர்வு, ஒவ்வொரு சொல்லுக்கும் மறைவான ஓர் எண்வடிவம் அமைத்து அவ்வெண்ணால் அடுக்குதல். உயிர் பன்னிரண்டற்கும் ஆய்தத்திற்கும் பதினெட்டு மெய்க்கும் நெடுங்கணக்கின்படி எண் தந்து, கிரந்த எழுத்துக்களை இறுதியில் வைத்து, ஒவ்வோர் உயிர்மெய்யையும் மெய்யெண், உயிரெண் என்னும் இணையாகப் பிரித்தல் வேண்டும். இருபது வரிக்குள் அடங்கும் நிரல் இது. பெருங்குடியில் மென்பொருட் பணியிலுள்ள என் மாணவர் ஒருவர் அரைமணி நேரத்தில் எழுதித் தந்தார். எழுதுமுன் அவர் கேட்ட வினா ஒன்றே: “ஐயா, புள்ளி வைத்த எழுத்து முதலில் வரவேண்டுமா, கடைசியில் வரவேண்டுமா?” ‘அக்கம்’ முன்னோ ‘அகம்’ முன்னோ என்பதே அவ்வினாவின் பொருள். குறியெண்ணின்படி அகரமேறிய ககரம் முன்னும், புள்ளி பெற்றது அக்ககர வரிசை முழுவதற்கும் பின்னுமாகும். யான் உடனே விடை கூறவில்லை. கையிலிருந்த அகராதிகளை எடுத்துப் பார்த்த பின்னரே என் அடைவுக்கு ஒரு நெறியைத் துணிந்தேன். அந்நெறியை அடைவின் தலைப்பிலேயே எழுதியும் வைத்தேன்.

சொற்களைப் பிரிப்பதிலும் ஓர் இடர் உண்டு. பைத்தான் என்னும் நிரல்மொழியில் சொல்லெழுத்து எது என்று வரையறுக்கும் விதி உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை. அதன்வழிச் சொற்களை எண்ணச் சொன்னால் ‘கொற்கை’ என்பது க, ற, க என மூன்று துண்டுகளாக உடைந்து வரும். சொல்லெண்ணிக்கை கொண்டு நடையாராயும் மாணவர் தம் எண்கள் எவ்விதியால் வந்தன என்று கேட்டறிதல் நலம்.

ஆர்க் முறைக்கே உரிய சிறு இடர்கள் சில உள. ஒப்பிலக்கணத்தார் மீட்டுருவாக்கிய மூலவடிவத்தின்முன் உடுக்குறி இடுவர். அவ்வடிவம் வரித்தொடக்கத்தில் வந்து உடுக்குறியின்பின் இடைவெளியும் நேர்ந்தால் ஆர்க் அதனைத் தலைப்பெனக் கொண்டு, கீழுள்ளவற்றையெல்லாம் அதன்கீழ் மடித்துவிடும். குறிப்புத் தொலைந்ததென அஞ்சுவர். தொலையவில்லை, மடிந்து கிடக்கின்றது. அட்டவணைகளில் தமிழ்ச் சொற்களை இட்டால் பத்திகளின் கோடுகள் நேர்நில்லாமல் கோணும். எழுத்துக்களின் அகலம் ஒத்திராமையே காரணம், பொருளுக்குக் கேடில்லை.

கருவியே இயங்காது நின்றால் செய்வது யாது? பதிப்பாசிரியர் பிழையை ஏட்டின் பிழை, படியெடுத்தோன் பிழை எனப் பிரித்தறிவர். இங்கும் அதுவே நெறி. ஈமாக்ஸைப் பயனர் அமைப்புக்கள் ஒன்றுமின்றித் தொடங்கிப் பார்க்க ஒரு வழி உண்டு. அவ்வாறு தொடங்கியும் பிழை நிற்குமாயின் அது கருவியினுடையது. மறையுமாயின் நம் அமைப்புக் கோப்பினுடையது. பின்னர் அமைப்புக் கோப்பின் ஒரு பாதியை நீக்கிப் பார்த்தல், எஞ்சியதிற் பாதியை நீக்கிப் பார்த்தல் எனச் சென்றால் ஆயிரம் வரியுள்ள கோப்பிலும் ஏறத்தாழப் பத்து முறையில் பிழைவரி அகப்படும். என் கோப்பில் ஒருமுறை அகப்பட்டது, மூடாது விட்ட ஒரு பிறைக்குறி. ஆர்க் முறையின் பழைய பதிப்பின் பகுதிகளும் புதிய பதிப்பின் பகுதிகளும் கலந்து ஏறிவிட்டாலும் விளங்காத பிழைகள் தோன்றும். அப்போது ஈமாக்ஸை மூடி, பழையதை முற்றும் நீக்கிப் புதியதை மீண்டும் நிறுவுதலே வழி. ஒட்டுப்போட முயல்வது வீண்.

தொலைந்ததெனக் கருதிய பழைய கோப்புக்களை மீட்டலும் இயலும். திஸ்கியில் உள்ளவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் வசதி லினக்ஸ் இயங்குதளங்களில் உள்ள குனு சி நூலகத்தோடு உடன்வருகின்றது. தனி எழுத்துருவின் குறியேற்றத்தில் எழுதியவற்றுக்கு அவ்வெழுத்துருவின் அட்டவணையைத் தேடிப் பெறுதல் வேண்டும். உரோமன் எழுத்துக்களின்மேல் கொம்பும் புள்ளியுமாகக் குழம்பித் தோன்றும் கோப்பைக் கெட்டதென எண்ணி அழித்துவிடுதல் கூடாது. அவ்வாறு அழித்தோர் சிலரை யான் அறிவேன்.

என் குறிப்பேட்டின் இன்றைய அமைப்பைச் சுருங்கக் கூறுவேன். நூலொன்றற்கு ஒரு கோப்பு. பாட்டொன்றற்கு ஒரு தலைப்பு. சொல், பொருள், பதிப்பின் ஆண்டும் பக்கமும் அதன்கீழ். இடப்பெயர்களுக்குத் தனி அடையாள எண் இட்டுள்ளேன். மதுரைக்கருகிலும் ஒரு பெருங்குடி உண்டாதலின் பெயரை மட்டும் நம்பினால் இரண்டூரும் ஓரூராகிவிடும். சேமிக்குமுன் இயல்பாக்கம் நிகழ்கின்றது. மாற்றிய கோப்புக்களில் யான் அச்சுப்படியோடு இன்னும் ஒப்பிட்டுப் பாராத குறிப்புக்களுக்கு ‘ஐயம்’ என்னும் பொருட்குறி இட்டுள்ளேன். அக்குறி நிற்குமளவும் அக்கோப்பைக் கொண்டு ‘இச்சொல் இந்நூலில் இல்லை’ என்று எழுதுவதில்லை. ஐங்குறுநூற்றுக் கோப்பில் அக்குறி பெற்றவை இன்னும் மூன்று உள்ளன. மூன்றும் ஔகாரம் பற்றியன. அவற்றைப் பழம்பதிப்போடு ஒப்பிடும் பணி எஞ்சியுள்ளது.